பண்ணையில் விபத்தைத் தவிர்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விவசாய வேலையில் உயிரைப் பறிக்கும் விபத்துகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கின்றன. டிராக்டர் கவிழ்கிறது, சுற்றும் தண்டில் துணி சிக்குகிறது, கிணற்றில் இறங்கியவர் விஷவாயுவில் மயங்குகிறார், பூச்சிமருந்து உடம்பில் ஏறுகிறது. எங்கே, எப்படி நடக்கும் என்பது முன்பே தெரிவதால்தான் தடுக்கவும் முடிகிறது. நிலம் வைத்திருப்பவர்கள், கூலிக்குப் போகிறவர்கள், டிராக்டர் ஓட்டுநர்கள், வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவர்கள் என எல்லோரும் கேட்கும் கேள்விகள் இவை.

விவசாயம் உண்மையிலேயே அவ்வளவு ஆபத்தான தொழிலா?

ஆமாம். சுரங்கம், கட்டுமானம் ஆகியவற்றோடு சேர்த்து, மிக ஆபத்தான மூன்று துறைகளில் ஒன்றாக விவசாயத்தைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு சொல்கிறது. உலகம் முழுக்க ஆண்டுக்குக் குறைந்தது 1,70,000 விவசாயத் தொழிலாளர்கள் வேலையில் இறக்கிறார்கள் என்பது அந்த அமைப்பின் மதிப்பீடு. 2001இல் விவசாயப் பாதுகாப்புக்கென்றே தனியாக ஓர் ஒப்பந்தத்தையும் (எண் 184) அது நிறைவேற்றியது.

தொழிற்சாலையில் அடிபட்டால் பக்கத்தில் நாலு பேர் இருப்பார்கள். வயலில் பல நேரம் ஒருவரும் இருப்பதில்லை. மருத்துவமனை தூரத்தில் இருக்கும். வேலை செய்யும் இடமும் வீடும் ஒன்றாக இருப்பதால் குழந்தைகளும் வயதானவர்களும் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே நடமாடுகிறார்கள். அறுவடை நேரம் வந்துவிட்டால் தூக்கமும் கிடையாது.

கவனமாக இருந்தால் போதாதா?

போதாது. பன்னிரண்டு மணி நேரம் வெயிலில் நின்றவருக்குக் கவனம் தப்பத்தான் செய்யும். அது அவருடைய குற்றம் இல்லை. ஒரு நொடி கவனம் தப்பினாலும் கையோ உயிரோ போகாதபடி இடத்தையும் கருவியையும் முதலில் மாற்றி வைப்பதுதான் பாதுகாப்பு.

அதற்கு ஒரு வரிசை உண்டு. அந்த ஆபத்தான வேலையைச் செய்யாமலே முடியுமா என்று முதலில் பாருங்கள். கிணற்றுக்குள் இருக்கும் டீசல் இன்ஜினை எடுத்துவிட்டு நீர்மூழ்கி மோட்டார் போட்டால், அதை இயக்குவதற்காக யாரும் உள்ளே இறங்க வேண்டியதில்லை. அப்படி முடியாவிட்டால் மூடி, உறை, வேலி என்று நடுவில் ஒரு தடுப்பு வையுங்கள். கையுறை, முகமூடி, "பார்த்துப் போ" என்ற எச்சரிக்கை எல்லாம் அதற்கு அப்புறம்தான். நம்மில் பலர் கடைசியில் இருப்பதை முதலில் செய்துவிட்டு அதோடு நிறுத்திவிடுகிறோம்.

டிராக்டர் எப்படிக் கவிழ்கிறது?

இரண்டு விதமாக. பக்கவாட்டில் கவிழ்வதுதான் அதிகம். வாய்க்கால் கரை, சரிவு, வேகமாகத் திருப்புவது ஆகியவை முக்கியக் காரணங்கள். வேகம் இரண்டு மடங்கானால், திருப்பத்தில் வண்டியைக் கவிழ்க்கும் விசை நான்கு மடங்காகிறது. ஈரமான கரை மேலே உறுதியாகத் தெரியும், சக்கரம் ஏறியதும் சரியும். அதனால் வாய்க்கால் எவ்வளவு ஆழமோ, குறைந்தது அவ்வளவு தூரமாவது கரையை விட்டுத் தள்ளி ஓட்டுங்கள். வயலில் தனித்தனியாக மிதிக்கும் இடது, வலது பிரேக்குகளைச் சாலைக்கு வரும்முன் கண்டிப்பாக இணைத்துவிட வேண்டும். வேகத்தில் ஒரு பக்கப் பிரேக் மட்டும் பிடித்தால் வண்டி சுழன்று சாய்ந்துவிடும்.

பின்பக்கமாகக் கவிழ்வது குறைவு, ஆனால் தப்பிப்பது மிகக் கடினம். பின்சக்கரம் சேற்றில் இறுகி நிற்கும்போது கிளட்சைச் சட்டென்று விட்டால், சக்கரத்தைச் சுற்ற முடியாத இன்ஜினின் விசை வண்டியின் உடலையே அச்சைச் சுற்றித் தூக்குகிறது. முன்சக்கரம் எழும்பியதிலிருந்து வண்டி மல்லாக்க விழுவது வரை ஒன்றரை வினாடிதான். அதற்குள் குதித்துவிடலாம் என்று யாரும் நம்பக் கூடாது.

இரண்டு பழக்கங்கள் இதற்கு நேராக வழிவிடுகின்றன. ஒன்று, சேற்றில் மாட்டிய பின்சக்கரத்துக்கு முன்னால் கட்டையைக் கொடுத்து ஏற்றப் பார்ப்பது. முதலில் பின்பக்கமாக எடுத்துப் பாருங்கள், வராவிட்டால் இன்னொரு வண்டியை வைத்து இழுங்கள். இன்னொன்று, இழுவைச் சங்கிலியை அச்சிலோ மேல் இணைப்பிலோ மாட்டுவது. இழுக்கும் எதையும் கீழே இருக்கும் இழுவைக் கம்பியில் மட்டும்தான் மாட்ட வேண்டும். இணைப்பு உயர்ந்தால் முன்பக்கம் எளிதாகத் தூக்கும்.

ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கும் இரும்புச் சட்டம் அவ்வளவு முக்கியமா? சீட் பெல்ட்டும் போட வேண்டுமா?

டிராக்டரில் ஒரே ஒரு பொருளுக்குத்தான் செலவு செய்ய முடியும் என்றால் நான் அதைத்தான் சொல்வேன். ரோப்ஸ் என்று அழைக்கப்படும் அந்தச் சட்டம், வண்டி கவிழ்ந்தாலும் ஓட்டுநர் நசுங்காமல் இருக்க இடம் விட்டு வைக்கிறது. புதிய டிராக்டர்களுக்கு 1959லேயே இதைக் கட்டாயமாக்கிய நாடு சுவீடன். அடுத்து வந்த பத்தாண்டுகளில் டிராக்டர் கவிழ்ந்து ஏற்படும் மரணங்கள் அங்கே வெகுவாகக் குறைந்தன.

பெல்ட் விஷயத்தில் ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. இரும்புச் சட்டம் இருந்தால் பெல்ட் போட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் கவிழும்போது நீங்கள் வெளியே எறியப்பட்டு அந்தச் சட்டத்துக்கு அடியிலேயே போய்விடலாம். சட்டம் இல்லாத வண்டியில், அல்லது மடக்கும் சட்டத்தை மடக்கி வைத்திருக்கும்போது, பெல்ட் போடக் கூடாது. மரக்கிளை இடிக்கிறது என்று மடக்கியவர்கள் அந்த இடத்தைத் தாண்டியதும் மறுபடி நிமிர்த்த வேண்டும். பட்டறையில் குழாயை வளைத்து நாமே செய்துகொள்ளும் சட்டம் இதற்கு ஈடாகாது. அது எடையைத் தாங்குமா என்று யாரும் சோதித்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மட்கார்டில் ஓர் ஆளை உட்கார வைத்தால் என்ன?

சின்னப் பள்ளத்தில் வண்டி குலுங்கினால் போதும், அவர் விழும் இடம் பின்சக்கரத்துக்கு முன்னால், அல்லது சுழற்கலப்பைக்கு நேராக. தனி இருக்கையும் பெல்ட்டும் இல்லையென்றால் இரண்டாவது ஆள் ஏறக் கூடாது. குழந்தை என்றால் பேச்சே இல்லை.

பி.டி.ஓ. தண்டைப் பார்த்து ஏன் இவ்வளவு பயப்பட வேண்டும்?

டிராக்டரின் பின்னாலிருந்து கருவிக்கு விசையைக் கடத்தும் சுழல் தண்டுதான் பி.டி.ஓ. வழக்கமான வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது வினாடிக்கு 9 சுற்று. ஏழெட்டு சென்டிமீட்டர் விட்டமுள்ள தண்டு அந்த வேகத்தில் ஒரு வினாடிக்கு இரண்டு மீட்டர் துணியைச் சுருட்டிக்கொள்ளும். சட்டை நுனி மாட்டியதை உணர்ந்து "ஐயோ" என்பதற்குள் உடம்பு தண்டோடு போயிருக்கும். 1,000 சுற்றில் ஓடும் தண்டுகளும் உண்டு.

வழவழப்பான தண்டுதானே, மாட்டாது என்று நினைக்காதீர்கள். இணைப்பில் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு போல்ட், காய்ந்து ஒட்டிய சேறு, உடைந்த உறையின் கிழிசல், ஏதாவது ஒன்று நூலைப் பிடிக்கப் போதும். துண்டு, முந்தானை, துப்பட்டா, தொங்கும் சட்டைக் கை, அவிழ்ந்த ஷூ நாடா, பின்னாத நீளமான முடி எல்லாமே ஆபத்துதான்.

தண்டின் மேல் இருக்கும் பிளாஸ்டிக் உறையை இன்ஜின் அணைந்திருக்கும்போது கையால் சுற்றிப் பாருங்கள். தண்டு நகராமல் உறை மட்டும் தடையில்லாமல் சுற்ற வேண்டும். ஒட்டிக்கொண்டு சேர்ந்து சுற்றினால் அந்த உறை இருந்தும் பயனில்லை, மாற்றிவிடுங்கள். உறை உடைந்திருந்தால் புதிது வரும்வரை அந்தக் கருவியை ஓட்டாதீர்கள். ஓடும் தண்டை ஒருபோதும் தாண்டக் கூடாது. எவ்வளவு அவசரமாக இருந்தாலும் டிராக்டரைச் சுற்றித்தான் போக வேண்டும்.

கதிரடிக்கும் இயந்திரம், தீவனம் வெட்டும் இயந்திரம் இவற்றில் கை போவது ஏன் அடிக்கடி நடக்கிறது?

உள்ளே எதாவது அடைத்துக்கொள்ளும். நிறுத்தினால் நேரம் போகுமே என்று ஓடும்போதே கையால் தள்ளுவார்கள். உருளை வைக்கோலைப் பிடித்து இழுக்கும் வேகத்தில் கையை விடுவிக்க முடியாது. அடைப்பு எடுப்பதற்கு ஒரே முறைதான்: விசையைத் துண்டி, இன்ஜினை அணை, சாவியை எடுத்துப் பையில் போடு, சக்கரம் முழுதாக நிற்கும்வரை காத்திரு. மின்மோட்டார் என்றால் மெயினை இறக்கிவிடுங்கள். சாவி உங்கள் பையில் இருந்தால் வேறொருவர் தெரியாமல் ஓட்டிவிட வாய்ப்பில்லை. தீவனம் போடும் வழி, முழங்கை வரை கையை விட்டாலும் உருளையைத் தொடாத அளவுக்கு நீளமாகவும் மேலே மூடியும் இருக்க வேண்டும். கையால் சுற்றும் இயந்திரத்தின் பெரிய சக்கரத்துக்கு, வேலை இல்லாத நேரத்தில் பூட்டுப் போடுங்கள். வீட்டுக் குழந்தைகளின் விரல்கள் அங்கேதான் போகின்றன.

அப்புறம் ஹைட்ராலிக் குழாய் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கசிவு எங்கே என்று விரலால் தடவிப் பார்க்காதீர்கள். ஊசிமுனைத் துளையிலிருந்து பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் குறைவு. ஆனால் சில மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். அட்டையைக் காட்டிக் கசிவைக் கண்டுபிடியுங்கள். தூக்கி நிற்கும் கருவிக்கு அடியில் போகும்போதும் ஹைட்ராலிக்கை நம்பாமல் உறுதியான முட்டுக் கொடுத்த பிறகே போங்கள்.

கிணற்றிலோ சாணக் குழியிலோ இறங்கும்முன் விளக்கு இறக்கிப் பார்த்தால் போதாதா?

போதாது. விளக்கு அணைந்தால் ஆக்சிஜன் குறைவு என்று தெரியும், அது சரி. ஆனால் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே பாதுகாப்பு என்று அர்த்தமில்லை. சாணக் குழியில் உருவாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, விளக்கு நன்றாக எரியும் காற்றிலேயே ஆளைக் கொல்லும் அளவுக்கு இருக்க முடியும். அங்கே மீத்தேனும் சேர்ந்திருந்தால் விளக்கே வெடிப்பை உண்டாக்கும்.

மூக்கையும் நம்ப முடியாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு என்ற அளவை நெருங்கினால் மோப்ப உணர்வே மரத்துவிடும். நாற்றம் போய்விட்டதே, வாயு குறைந்துவிட்டது போல என்று நினைக்கும் நேரம்தான் மிக மோசமான நேரம். இன்னும் அதிகமானால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சுருண்டு விழுவார். குழியைக் கலக்கும்போது வாயு திடீரென்று மொத்தமாக வெளியேறும் என்பதால் அப்போது அருகிலேயே நிற்கக் கூடாது. பாழடைந்த கிணற்றில் ஆக்சிஜன் குறைவு, டீசல் இன்ஜின் ஓடிய கிணற்றில் கார்பன் மோனாக்சைடு, அதற்கு வாசனையே கிடையாது.

இந்தக் கேள்விக்கு நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது வேறு. இத்தகைய விபத்துகள் ஒருவரோடு நிற்பதில்லை. அண்ணன் விழுந்ததைப் பார்த்துத் தம்பி இறங்குகிறார், தம்பியைக் காப்பாற்ற அப்பா இறங்குகிறார். பாசத்தில் செய்வதுதான், ஆனால் அதே காற்று அவர்களையும் வீழ்த்துகிறது. ஒருவர் விழுந்துவிட்டால் இரண்டாவது ஆள் இறங்கக் கூடாது என்பதை வீட்டில் எல்லோரும் இன்றைக்கே பேசி வையுங்கள். அந்த நேரத்தில் யோசிக்க முடியாது. தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள், காற்றூதி இருந்தால் மேலிருந்து காற்றைச் செலுத்துங்கள்.

இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால், வாயு அளக்கும் கருவியால் சோதித்து, காற்றைச் செலுத்திக்கொண்டே இருந்து, இறங்குபவர் உடம்பில் தோள், இடுப்பு, தொடையைச் சேர்த்துப் பிடிக்கும் முழுக்கச்சையும் கயிறும் கட்டி, மேலிருந்தே இழுத்துத் தூக்கும் ஏற்பாட்டோடும் ஆளோடும் இறங்க வேண்டும். இது எதுவும் இல்லையென்றால் அந்த வேலையை அதற்கான ஆட்களிடம் விடுங்கள்.

தானியத்தில் கூட ஆள் மூழ்குவாரா?

பெரிய சேமிப்புக் கொள்கலன்களில் மூழ்குவார். அடியில் தானியம் வெளியேறிக்கொண்டிருக்கும்போது மேலே நின்றால் நான்கைந்து வினாடிகளில் கால் அசைக்க முடியாமல் போகும், அரை நிமிடத்துக்குள் தலையும் மறையும். பாதி புதைந்தவரைக் கயிறு கட்டி இழுத்தால் உடம்புக்குத்தான் சேதம். வெளியேற்றத்தை நிறுத்தி, அவரைச் சுற்றிப் பலகைகளால் தடுப்பு எழுப்பி, உள்ளே இருக்கும் தானியத்தை அள்ளி எடுக்க வேண்டும்.

மருந்து அடிக்கும்போது முகத்தில் துண்டு கட்டிக்கொள்கிறேன். அது போதுமா?

துண்டு மருந்தை உறிஞ்சி உங்கள் மூக்கருகிலேயே வைத்திருக்கும். அதைவிடப் பெரிய விஷயம், தெளிப்பு வேலையில் மருந்து உடம்புக்குள் போகும் முக்கிய வழி மூக்கு இல்லை, தோல்தான். எல்லா இடத்துத் தோலும் ஒன்றுபோல் உறிஞ்சுவதும் இல்லை. பாரத்தியான் என்ற மருந்தை வைத்துச் செய்த ஆய்வில், தொடையிடுக்குப் பகுதி முன்கையைவிடப் பத்து மடங்குக்கும் மேலாக உறிஞ்சியது தெரியவந்தது. முதுகில் மாட்டும் தெளிப்பான் கசிந்து இடுப்புத் துணி நனைவதை "கொஞ்சம் ஈரம்தானே" என்று விடுகிறோம். உண்மையில் அங்கேதான் அதிகம் ஏறுகிறது.

மிக ஆபத்தான கட்டம் அடிப்பது அல்ல, கலக்குவது. அப்போது கையில் இருப்பது நீர்க்காத மருந்து. நைட்ரைல் (ஒருவகைச் செயற்கை ரப்பர்) கையுறை, கண்ணாடி, நீர் ஊடுருவாத மேலங்கி மூன்றும் அப்போதுதான் மிக அவசியம். துணிக் கையுறையும் தோல் கையுறையும் மருந்தை உறிஞ்சிக்கொள்ளும், அதனால் அவை வேண்டாம். கையால் கலக்காமல் குச்சியால் கலக்குங்கள். காற்று உங்கள் பக்கம் வீசாதபடி நில்லுங்கள், அடித்து நனைந்த செடிகளுக்குள் நடக்காதீர்கள். நாசில் அடைத்தால் வாயால் ஊதாதீர்கள், மெல்லிய தூரிகையும் தண்ணீரும் போதும். மருந்து அடித்த வயலுக்குள் எத்தனை நேரம் கழித்துப் போகலாம் என்பது லேபிளில் இருக்கும், களை எடுக்க வருபவர்களுக்கும் அதைச் சொல்லுங்கள். அன்று போட்ட துணியைத் தனியாகத் துவையுங்கள், துவைப்பவரும் கையுறை போட வேண்டும்.

மருந்தைத் தண்ணீர் பாட்டிலிலோ குளிர்பானப் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். வந்த டப்பாவிலேயே, பூட்டிய பெட்டியில், வீட்டுக்கு வெளியே வையுங்கள். பூட்டு குழந்தைகளுக்காக மட்டும் இல்லை. மனம் உடைந்த ஒருவருக்கு எட்டாமல் இருப்பதே பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது.

மருந்து அடித்தவர் தலைசுற்றுகிறது என்கிறார். என்ன செய்வது?

வெயில் மயக்கம் என்று நினைத்துப் படுக்க வைத்துவிடாதீர்கள். கண்பாப்பா ஊசிமுனை போல் சுருங்குவது, எச்சில், கண்ணீர், அதிக வியர்வை, தசை துடிப்பது, மூச்சுத் திணறல் இவை ஆர்கனோபாஸ்பரஸ் என்ற வகைப் பூச்சிமருந்துகள் உடம்பில் ஏறியதன் அறிகுறிகள். நீங்கள் கையுறை போட்டுக்கொண்டு, அவருடைய துணியைக் கழற்றி, சோப்பும் நிறையத் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டிருந்தால் 15 நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மயங்கியிருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்துத் தாமதமில்லாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், மருந்து டப்பாவையோ லேபிளையோ கூடவே கொண்டுபோங்கள். மருத்துவர் எந்த மாற்று மருந்தைக் கொடுப்பது என்பது அதைப் பார்த்துத்தான். பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு மாற்று மருந்தே கிடையாது, அது உள்ளே போயிருந்தால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

கொளுத்தும் வெயிலில் வேலை செய்து பழகியவர்களுக்கு என்ன ஆகிவிடும்?

பழகியவர்களுக்கும் ஆகும், பழகாதவர்களுக்குச் சீக்கிரம் ஆகும். புதிதாக வந்தவரையும், நீண்ட நாள் விடுப்பில் இருந்துவிட்டு வந்தவரையும் முதல் நாளே முழு வேலை வாங்காதீர்கள். உடல் வெயிலுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் 15–20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். வயலில் ஒதுங்க இடம் இல்லாததால் பெண்கள் தண்ணீரே குடிக்காமல் வேலை செய்கிறார்கள். கழிப்பறை ஏற்பாடும் பாதுகாப்பு ஏற்பாடுதான்.

பேச்சு குழறினாலோ, குழப்பமாக நடந்துகொண்டாலோ அது வெப்பத்தாக்கு. மருத்துவ உதவியைக் கூப்பிட்டுவிட்டு, வாகனம் வரும்வரை நிழலில் வைத்து உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள்.

மின்சார விபத்தில் அதிகம் கவனிக்க வேண்டியது எது?

மேலே போகும் கம்பி. அலுமினியப் பாசனக் குழாயை நிமிர்த்தும்போதும், ஏணியைத் தூக்கும்போதும், டிரெய்லரை உயர்த்தும்போதும் முதலில் அண்ணாந்து பாருங்கள். கம்பிக்குக் குறைந்தது 3 மீட்டர் இடைவெளி வேண்டும். வண்டி கம்பியைத் தொட்டுவிட்டால் இருக்கையை விட்டு இறங்காதீர்கள், மின்சாரம் நிறுத்தப்படும்வரை உள்ளேயே இருங்கள். தீப்பிடித்தால் மட்டும், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாதபடி இரண்டு காலையும் சேர்த்துக் குதித்து, பாதத்தைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து நகருங்கள். மோட்டாருக்கு எர்த்தும், மின்கசிவு வந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் கசிவுத் தடுப்பானும் இருக்கட்டும்.

வளர்த்த மாடுதானே, முட்டிவிடுமா?

கன்று ஈன்ற பசு யாரையும் முட்டும். மாட்டுக்கு நேர் பின்னால் பார்வை எட்டாது, அதனால் பேசிக்கொண்டே தோள்பக்கமாக வாருங்கள். கொட்டகையில் நீங்கள் தப்பி வெளியேற ஒரு வழி எப்போதும் இருக்க வேண்டும். மூலையில் உங்களை நிறுத்திக்கொள்ளாதீர்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வதும் வேண்டாம், மிரண்டு ஓடினால் விட முடியாது.

பாம்பு கடித்தால்?

உலகில் ஆண்டுக்கு 81,000 முதல் 1,38,000 பேர் பாம்புக்கடியால் இறப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. கடித்த இடத்தைக் கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, இறுக்கிக் கட்டவும் கூடாது. மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றிவிட்டு, எலும்பு முறிவுக்குச் செய்வதுபோல் அந்தக் கையையோ காலையோ அசையாமல் வைத்து, நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு நஞ்சுமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். பாம்பைப் பிடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை. இரவில் டார்ச், எப்போதும் பூட்ஸ், வைக்கோல் போரில் கையை விடும்முன் ஒரு கோல். இந்த மூன்றும் பல கடிகளைத் தவிர்க்கும்.

குழந்தைகளை வயலுக்குக் கூட்டிப்போகாமல் முடியாதே?

வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவர்களிடம் "கூட்டிப்போகாதே" என்று சொல்வதில் அர்த்தமில்லை. வேலி போட்ட, நிழலுள்ள ஓர் இடத்தை அவர்களுக்கென்று ஒதுக்குங்கள், பெரியவர் ஒருவர் அங்கேயே இருக்கட்டும். பல குடும்பங்கள் சேர்ந்து முறை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். பண்ணைக் குட்டை, தொட்டி, கிணறு மூன்றுக்கும் வேலியும் மூடியும் அவசியம். சின்னக் குழந்தை சத்தமே இல்லாமல் மூழ்கிவிடும். வண்டியைப் பின்னால் எடுக்கும்முன் ஒருமுறை இறங்கிச் சுற்றிப் பாருங்கள்.

விரல் துண்டாகிவிட்டால் எடுத்துக்கொண்டு போகலாமா?

கண்டிப்பாக. முதலில் காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து இரத்தத்தை நிறுத்துங்கள். துண்டான விரலை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வையுங்கள். விரல் நேரடியாக ஐஸில் படக் கூடாது, உறைந்தால் ஒட்ட வைக்க முடியாது.

தனியாக வயலுக்குப் போகும்போது?

எந்தப் பக்கம் போகிறேன், எப்போது திரும்புவேன் என்று ஒருவரிடம் சொல்லுங்கள். அந்த நேரத்துக்கு வரவில்லை என்றால் அவர் தேடி வர வேண்டும் என்பதையும் பேசிக்கொள்ளுங்கள். போனை டிராக்டரில் வைக்காதீர்கள், சட்டைப் பையில் பட்டன் போட்டு வையுங்கள். டிராக்டருக்கு அடியில் மாட்டியவருக்கு இருக்கை மேல் இருக்கும் போன் எட்டாது.

சின்னக் கீறலுக்கெல்லாம் ஊசி போட வேண்டுமா?

மண்ணும் சாணமும் பட்ட காயத்தில் டெட்டனஸ் கிருமி இருக்கக் கூடும். முன்பே முழுத் தடுப்பூசி போட்டவர்கள் பத்து ஆண்டுக்கு ஒருமுறை ஊக்க ஊசி போட்டுக்கொண்டால் போதும். ஆழமான, அழுக்கான காயம் என்றால், கடைசி ஊசி போட்டு ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தாலே மறுபடி போடுவார்கள். காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் விட்டுக் கழுவிவிட்டு அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.